அடைமழையில் மிளகாய் நாற்று

மிளகாய் விதையை வீட்டுக்குள் முளைக்க வைப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் குளிர்நாட்டுக் கதைதான். பனி விலகும் தேதியிலிருந்து எட்டு வாரம் முன்னால் விதை போடு, தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு வை என்பார்கள். நமக்கு ஏது பனி? மிளகாய் விதை கேட்பது 25 முதல் 30 டிகிரி வெப்பம். சிங்கப்பூரில் அது காசில்லாமல் கிடைக்கிறது.

இருந்தும் நான் நாற்றை வீட்டுக்குள்தான் போடுகிறேன். காரணம் மழையும் நத்தையும்.

தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்திகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்ட விதை மண்ணோடு போய்விடும். தப்பி முளைத்ததை ராத்திரியில் ஆப்பிரிக்க நத்தை மேய்ந்துவிடும். அது தண்டைக்கூட விட்டுவைக்காது. ஆனால் பிப்ரவரியில் மழை நன்றாகக் குறைந்துவிடும். அப்போது சாண் உயரச் செடி கையில் தயாராக இருக்க வேண்டுமானால், டிசம்பர் தொடக்கத்திலேயே, வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே, விதை போட்டாக வேண்டும். ஊரில் ஆடிப்பட்டம் என்பார்கள். எனக்கு இங்கே கார்த்திகைப் பட்டம்.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. தேக்காச் சந்தையில் வாங்கிய குண்டு மிளகாய் வற்றலை உடைத்தாலே போதும். “முளைக்குமா அத்தை?” என்று மாமியாரிடம் கேட்டேன். “ஏன் முளைக்காது? வெயில்ல காஞ்சதுதானே, வறுத்ததா என்ன?” என்றார். அவர் சொன்னதுதான் கணக்கு. சுருங்கிக் கறுத்த விதைகளைத் தள்ளிவிட்டு, தட்டையாக மஞ்சளாக இருப்பதை மட்டும் எடுத்து இரவு முழுக்க ஊறவைப்பேன். உடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் எரிச்சல் லேசில் போகாது.

ஈரமான தேங்காய் நார்த்தூளில் விதைத்து மேலே பிளாஸ்டிக் மூடி. குண்டு மிளகாய், சில்லி பாடி என்கிற சின்னக் கார மிளகாய் எல்லாம் ஒன்று, ஒன்றரை வாரத்தில் தலைகாட்டும். ஹபனேரோ, பூத் ஜொலோக்கியா மாதிரி கடுங்கார வகையறாவுக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மண்ணைக் கிளறக் கூடாது. ஏசி ஓடும் படுக்கையறையில் மட்டும் தட்டை வைக்காதீர்கள். இந்த ஊரில் மிளகாய் விதைக்குக் குளிர் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான். எங்கள் வீட்டில் தட்டு இருக்கும் இடம் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்.

முளை வெளியே வருவதைக் கிட்டத்தில் பாருங்கள். முதலில் தெரிவது இலையல்ல, வளைந்த தண்டு, கொக்கி மாதிரி. இரண்டு முனையும் மண்ணுக்குள் இருக்கும். பிறகு ஒரு முனை நிமிர்ந்து விதையிலைகளை வெளியே இழுக்கும். சிலது விதையோட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டே எழுந்து நிற்கும். நகத்தால் பிய்க்கப் போனால் தலையே கையோடு வந்துவிடும். ஓட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஊறிய பிறகு மெதுவாகத் தள்ளினால் கழன்றுவிடும்.

முளைத்தவுடன் மூடியை எடுத்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடி கூடவே இருந்தால் நாற்றழுகல் வந்து, மண்மட்டத்தில் தண்டு நூலாக இளைத்துச் சாய்ந்துவிடும். தண்ணீரும் மேலிருந்து ஊற்றுவதில்லை. தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்ச விட்டு, மிச்சத்தை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுவேன். தட்டில் தேங்கினால் வேருக்கும் ஆகாது, ஏடிஸ் கொசுவுக்கும் வசதி. டெங்கி சோதனைக்கு யாராவது கதவைத் தட்டினால் பதில் சொல்ல முடியாது.

வெப்பம் இலவசம் என்றேன். வெளிச்சம் அப்படியில்லை. அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் நமக்கு வெளிச்சமாகத் தெரிவது நாற்றுக்குப் பாதி இருட்டு. அது சன்னலைத் தேடி வெளுத்து நீண்டு வளரும். ஒரு வெள்ளை எல்இடி குழல்விளக்கு, நாற்றுக்கு ஒரு சாண் மேலே, காலை முதல் இரவு வரை எரிந்தால் போதும். ஊதா நிறத்தில் விற்கும் விசேஷ விளக்கு தேவையில்லை என்பது என் கட்சி. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா என்றுகூடத் தெரியாது. பக்கத்தில் சின்ன மின்விசிறியும் ஓடும். காற்றில் ஆடினால் தண்டு தடிக்கும், மண்ணின் மேற்பரப்பும் காயும்.

விதையிலை தவிர இரண்டு ஜோடி இலை வந்ததும் தனித்தனிக் குவளைக்கு மாற்றுவேன். ஜனவரி கடைசியில் வெளியே பழக்க வேண்டும். அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் காலை வெயில் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், ஒன்றிரண்டு வாரத்தில் முழுநாள். ஒரேயடியாக நண்பகல் வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளைத் திட்டுகள் விழும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி, குவளைகளைச் சுவரோரம் ஒட்டி வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) போகிறபோக்கில் சம்பலுக்கு எப்போது காய் வரும் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நடவு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பாத்தியில் இரண்டு வரிசையாகப் பத்துச் செடி நிற்கும். குழியில் மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும். அடிபிடிக்கும் வரை தண்டைச் சுற்றி, அடி வெட்டிய பிளாஸ்டிக் குவளையை மண்ணில் அழுத்தி வைப்பேன், நத்தைக்காக. மிஞ்சும் நாற்றுகளில் இரண்டு மாக்சிக்குக்கு. பூத் ஜொலோக்கியாவை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.