நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே ஒரு கடிகாரம்

டர்பனில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாகப் பேரம் பேசி வந்த புலோவா அக்யூட்ரான் 214 ரகக் கைக்கடிகாரம் ஒருவழியாகச் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. 1960இல் விற்பனைக்கு வந்த இவ்வகைக் கடிகாரத்தில் நேரத்தை அளப்பது, மாக்ஸ் ஹெட்ஸல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் உள்ளே அடக்கிக் காட்டிய இசைக்கவை. பள்ளி ஆய்வகத்தில் தட்டிக் காதருகே பிடித்துப் பார்த்தோமே, அந்தக் கவையேதான். இங்கே அது மின்காந்தச் சுருள்களின் உதவியால் நொடிக்கு 360 முறை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும், 2.4 மில்லிமீட்டர் விட்டத்தில் 300 பற்கள் வெட்டப்பட்ட சக்கரம் ஒரு பல் நகர வேண்டும். அந்தப் பற்களை வெறுங்கண்ணால் பார்க்க முயன்று தோற்றேன்.

கடையில் கிடைத்த பேட்டரியைப் போட்டதும் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 11 நிமிடம் முந்தி ஓடியது. சக்கரம் தேய்ந்துவிட்டதோ என்று கலங்கி, எனக்குத் தெரிந்த முதிய கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், "பேட்டரிதான் தம்பி கோளாறு" என்றார். இக்கடிகாரம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. நான் போட்டதோ 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. மின்னழுத்தம் கூடினால் கவையின் வீச்சு பெருகி, ஒரு பல்லை இழுக்க வேண்டிய, கவையோடு இணைந்த விரல் போன்ற சிறு கம்பி சில வேளைகளில் கூடுதல் பற்களை இழுத்துவிடுகிறது. அவர் சொன்னபடி, மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் ஷாட்கி டையோடு ஒன்றைப் பேட்டரியோடு சேர்த்துப் பொருத்தினேன். மூன்றாவது முயற்சியில்தான் மூடி சரியாக மூடியது.

அன்றிரவு மின்வெட்டு. ஃபிரிட்ஜ் ஓசை அடங்கிய வீட்டில் கடிகாரத்தின் ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. பஜனைக்கு வைத்திருக்கும் ஹார்மோனியத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ரீங்காரத்தின் சுருதி நாலு கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் நின்றது. நொடிக்கு 360 அதிர்வு என்ற கணக்கும் அதையேதான் சொல்கிறது. எந்தச் சுருதியிலும் சேராத கடிகாரம்!

எட்டு நாளில் 14 நொடி முந்தியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்பது அந்நாளைய உத்தரவாதமாகையால் இதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் புவியீர்ப்பு கவையின் அதிர்வை மிகச் சிறிதளவு மாற்றும் என்பதால், கவையின் நுனிகள் மேல்நோக்கி நின்றால் கடிகாரம் சற்று மெதுவாக ஓடும். எனவே இந்த வாரம் இரவில் அதைப் படுக்க வைக்காமல், 12 மேலே இருக்கும்படி நிறுத்தி வைக்கிறேன். முதல் இரவில் முந்தியது ஒரே நொடி.