ஆளுக்கு ரெண்டு

"நூறு வரைக்கும் சொல்வான் டீச்சர்" என்று ஓர் அம்மா மகனை என் முன் நிறுத்தினார். ஐந்து வயது. மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் நூறு வரை ஒப்பித்தான். முடித்ததும் கூடையைக் காட்டி, "அதிலிருந்து எனக்கு ஐந்து கட்டை எடுத்துக் கொடு" என்றேன். இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் போட்டான். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. "இது ஐந்தாப்பா?" "ஆமா." அவன் குரலில் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அதே வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பதினைந்துக்குப் பிறகு பதினேழுக்குத் தாவிவிடுவாள், இருபதைத் தாண்டினால் நின்றுவிடுவாள். ஆனால் காலைச் சிற்றுண்டிக்கு மேசையில் ஆறு பேர் என்றால் ஆறு கோப்பைதான் எடுத்து வருவாள். ஒரு பிள்ளை விடுப்பு என்றால், யாரும் சொல்லாமலே ஐந்து. பிஸ்கட் வைக்கும்போது "ஆளுக்கு ரெண்டு, ஆளுக்கு ரெண்டு" என்று முணுமுணுப்பாள். அந்தத் தொனி வகுப்பில் வந்ததல்ல. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீட்டில் ஐந்து பேர். இரவு இட்லி வேகும்போது தட்டு வைப்பது இவள் வேலை. "ஆளுக்கு ரெண்டு வச்சா எத்தனை வேணும், போய்ப் பாரு" என்பது அவள் பாட்டியின் வழக்கமான கேள்வி. அவள் அம்மா இதைச் சொன்னபோது, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல்தான் சொன்னார்: "வீட்ல நாங்க ஒண்ணும் சொல்லித் தர்றதில்ல டீச்சர், நேரமே இல்ல."

பாலர் பள்ளி வேலையில் பதினேழு வருடம் ஆகிவிட்டது. எண்களைப் பாட்டாகச் சொல்வது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று பிடிபடுவது வேறு. அந்தப் பையனிடம் நான்கு கட்டையைக் காட்டி எத்தனை என்று கேட்டால், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்பான். "சரி, மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படியில் கொஞ்ச நாள் நிற்பார்கள். எத்தனை நாள் என்பதில்தான் வீட்டுக்குப் பங்கு இருக்கிறது.

பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்ட ஓர் ஆய்வு இன்னும் மனதில் நிற்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லெவினும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்டது. பிள்ளைகளின் 14-ஆம் மாதத்திலிருந்து 30-ஆம் மாதம் வரை 44 வீடுகளுக்குப் போய், பெற்றோரும் பிள்ளையும் பேசுவதைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஐந்து முறை. அத்தனை பதிவிலும் சேர்த்து ஒரு வீட்டில் எண் சொற்கள் 4, இன்னொரு வீட்டில் 257. எண்ணை அதிகம் கேட்ட பிள்ளைகள் நான்கு வயதை நெருங்கும்போது 'ஐந்து' என்றால் எவ்வளவு என்பதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அடுத்து வந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சும்மா எண்ணைச் சொல்வதைவிட, கண்ணெதிரே இருக்கும் பொருளைக் காட்டி எண்ணுவதற்குத்தான் பலன் அதிகம். பாட்டியின் இட்லித் தட்டு அந்த அறிக்கையில் இல்லை, இருந்திருக்கலாம்.

பெற்றோர் சந்திப்பில் என்னிடம் வரும் கேள்விகளோ வேறு. எந்த அசெஸ்மென்ட் புத்தகம் வாங்கலாம்? பாலர் பள்ளியின் கடைசி வருடமான கே2-விலேயே துணைப்பாடம் வைக்கலாமா? தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019-இலேயே நிறுத்திவிட்டது. பயத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. சில அம்மாக்கள் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, "எனக்கும் கணக்குக்கும் ஆகாது, அதான் இவனுக்கும் வரல" என்பார்கள். அமெரிக்காவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கணக்கைக் கண்டால் பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால் பிள்ளை அந்த ஆண்டு கற்றது குறைவாகவே இருந்தது. இதை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? "புத்தகத்தை மூடி வைங்கமா, ராத்திரி அரிசி அளக்கும்போது அவனைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்வேன். சிலர் சிரித்துவிட்டுப் போய்ப் புத்தகம் வாங்குவார்கள்.

வீடும் மாறித்தான் போயிருக்கிறது. நான் சின்னவளாக இருந்தபோது தேக்கா சந்தையில் அப்பா மீதிச் சில்லறையை என் கையில் கொட்டி, சரியா பாரு என்பார். இப்போது எல்லாம் தட்டினால் 'பீப்'. கடைக்காரர் விளையாட்டு வைத்தால், பிள்ளைகள் என் உள்ளங்கையில் அட்டையைத் தட்டிவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதனால் வகுப்பில் ஒரு டப்பாவில் நிஜக் காசு வைத்திருக்கிறேன். 2013-இல் வந்த பத்துக் காசில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி இருக்கும். அதைப் பார்த்து ஒருவன், "டீச்சர், என் வீட்ட யார் காசுல போட்டது?" என்று கேட்டான். அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

வசதி குறைந்த வீடுகளில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். இரவு வேலை பார்க்கும் ஓர் அப்பா, மகனோடு இருக்கும் நேரமே காலையில் பேருந்து நிறுத்தத்தில்தான் என்றார். மகன் எல்லாப் பேருந்து எண்களையும் சொல்வானாம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை, பேருந்து எண் வெறும் பெயர், 67-ஐவிட 960 எந்த விதத்திலும் பெரிய வண்டி இல்லை. அப்புறம் அந்தப் பையனே சொன்னான்: "ஏழு நிமிஷம் இருந்துச்சு, இப்ப நாலு. மூணு போயிருச்சு." வண்டி வர எத்தனை நிமிடம் என்று காட்டும் பலகையைப் பார்த்து அப்பாவும் மகனும் தினமும் விளையாடுவது இது. கழித்தல் என்ற சொல்லை நான் இன்னும் வகுப்பில் எடுக்கவே இல்லை.

பாம்பும் ஏணியும் விளையாடும் வீடுகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் சொல்வேன். ஐந்தாம் கட்டத்தில் நின்று இரண்டு விழுந்தால், பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தும். "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்துவதில்தான் பயன் என்று ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் பேசும் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். அப்போது நான் இருந்த நிலையம் இரண்டாம் மாடியில். ஒரு பாட்டி தினமும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்னு, ரெண்டு, மூணு என்று படியை எண்ணிக்கொண்டே வருவார். பதினெட்டுப் படி. கடைசிப் படியில் இருவரும் சேர்ந்து "பதினெட்டு!" என்று கத்துவார்கள். ஒருநாள் நான் பாட்டியிடம், "இங்க இங்கிலீஷ்லதான் எண்ணுறோம் பாட்டி, தமிழ்ல சொன்னா குழம்பிடுவான்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார். அவருக்கு ஆங்கிலத்தில் எண்ணத் தெரியாது. மறுநாளிலிருந்து இருவரும் பேசாமல் படியேறி வந்தார்கள்.

குழம்ப மாட்டான் என்பது எனக்குத் தெரிய வர வருடங்கள் ஆயின. ஒரு மொழியில் ஐந்து பிடிபட்டுவிட்டால் மற்ற மொழியில் சொல்லைத்தான் கற்க வேண்டும், ஐந்தை மறுபடி கற்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குத் தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும் காதில் விழுகிறது, இருபதில் இரண்டு பத்து. என்னோடு வேலை பார்க்கும் சீன ஆசிரியை, அவர்கள் மொழியில் இன்னும் தெளிவு என்பார்: பத்து-ஒன்று, பத்து-இரண்டு. 'லெவன்', 'டுவெல்வ்' என்பதில் பத்து எங்கே தெரிகிறது? தமிழிலும் வில்லங்கம் உண்டு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்றதும், "நூறு வந்துருச்சு!" என்று துள்ளிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு தாத்தா வாசலில் தயங்கி நின்றார். "வீட்ல தமிழ்ல எண்ணினா பரவாயில்லையா டீச்சர்?" யார் அவரை இப்படிக் கேட்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நல்லா எண்ணுங்க தாத்தா."

"நூறு வரைக்குமா?"

"பத்து போதும். கையில ஏதாவது வச்சுக்கிட்டு எண்ணுங்க."