மறுகா நான் ஆரு?

போன வருசம் நான் படிப்பித்தது தரம் 2. பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது என் பழக்கம். கெட்ட பெயர் ஒன்றும் இல்லை. குழாயடியில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது, யார் பிறகு என்று வரிசை பிரிப்பவன் வட்டைவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரித்துவிடுபவரின் பெயர். தான் வாய் திறக்காமல் மேசையில் தாளம் தட்டி மற்றவர்களைப் பாடவைப்பவன் அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசானின் பெயர். நுளம்பு எங்கே நித்திரை கொள்ளும், அதற்கு அம்மா உண்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பவள் சீஐடி, துப்பறியும் பொலிஸ். (அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் சிரிப்பு வராத காலம் இருந்தது. அது வேறு கதை.)

காலையில் மட்டக்களப்பின் மண்முனைப் பாலத்தில் பஸ் ஏறும்போதே வகுப்புப் பிள்ளைகளை நினைத்துச் சிரிப்பு வந்துவிடும். 2014க்கு முன்பு, பாலம் இல்லாமல் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) கடந்த நாட்களிலும் அப்படித்தான். ஒரே சீருடை, ஒரே புத்தகம், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஒரு நாள் இடைவேளை முடிந்து எல்லாரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் வரிசைப் பிள்ளை ஒன்று என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

“மறுகா நான் ஆரு டீச்சர்?” அப்படியென்றால் நான் யார் என்று கேட்கிறாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. இடாப்பில் ஒரு நாள்கூட வராமல் விட்டதில்லை. கொப்பி சுத்தம், எழுத்து வடிவு. அதற்கு மேல் அவளைப் பற்றி என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

“நீ நல்ல புள்ள மனே” என்றேன்.

“அது எல்லாருக்கும் சொல்றதுதானே டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மிச்சக்காசு குறைந்தால் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு போய் இருந்துவிட்டாள்.

இதில் என் பிழை என்ன என்று பல தரம் யோசித்துவிட்டேன். 27 பிள்ளைகள். சத்தம் போடும் பிள்ளைதான் முதலில் கண்ணில் படும். அது எந்த டீச்சருக்கும் நடப்பதுதான். ஆனாலும் பிள்ளையைப் பார்ப்பதுதானே எங்கள் வேலை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, தரம் 1க்கு வருகிற பிள்ளையை விளையாடவிட்டு, கவனித்து இனங்காண வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பிள்ளைகளுக்கு நானே அப்படிக் கவனித்து எழுதியிருக்கிறேன். வாயாடிகளைப் பற்றி எழுத எனக்கு இடம் போதாது. இவளைப்போல எத்தனை பேருக்கு இரண்டு சொல்லோடு முடித்தேனோ.

சரி, அன்றிலிருந்து அவளைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவனின் பென்சில் மழுங்கினால், அவன் கேட்காமலே எடுத்து, தன் சிவப்புக் கட்டரில் சீவி, தூளை ஊதி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அவன் கவனிக்கவே இல்லை. எழுதிக்கொண்டே போனான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வகுப்புக்கு நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: “எங்கட பென்சில்காரி!”

அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் எழுதுவது குறைந்துவிட்டது. குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சீவினாள். மழுங்கியது, மழுங்காதது எல்லாம். இரண்டு கிழமையில் ஒரு தாய் வந்தார். கையில் அரை விரல் நீளத்தில் பென்சில்.

“நேத்துத்தான் புதுசு வாங்கிக் குடுத்தன் டீச்சர். இண்டைக்கி இவ்வளவுதான் இருக்கு.”

அந்தத் தாய் கூலி வேலைக்குப் போகிறவர். அவர் கேட்டதில் பிழை இல்லை. நான் கட்டரை வாங்கி என் லாச்சிக்குள் வைத்தேன். “வீட்ட போகக்குள்ள தாறன்” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. போகும்போது வந்து கேட்கவும் இல்லை. மறுநாள் நானே கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டாள். அதன்பிறகு அவள் யாருடைய பென்சிலையும் தொட்டதை நான் காணவில்லை.

எனக்குத் தெரிந்த மற்ற டீச்சர் ஒருவர், “நீங்க சும்மா கனக்க யோசிக்கிறீங்க, பிள்ளைகள் அடுத்த நாளே மறந்திடுங்கள்” என்றார். இருக்கலாம். இப்போது தரம் 3இல் இருக்கிறாள். என்னைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள், எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுபோல.

பட்டப்பெயர் வைப்பதை நான் விடவில்லை. விடவேண்டும் என்றும் முழுமனதாகத் தோன்றவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளையின் முகம் மலர்வது பொய் இல்லையே. ஆனால் வட்டைவிதானைக்கு வரிசையின் கடைசியில் நின்று தண்ணீர் குடிக்க ஒரு நாளாவது ஆசை வந்திருக்குமா என்று நான் கேட்டதில்லை.

போன கிழமை அண்ணாவியாரைக் கண்டேன். இடைவேளையில் தனியே மதிலோரம் இருந்தான். ஏதோ யோசனை. பேசாமல் போயிருக்கலாம்.

“என்ன அண்ணாவியார், இண்டைக்கித் தாளம் இல்லையா?”

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினான்.