டிபி இல்லை, ஆனால் அதன் பங்காளி: என் என்.டி.எம். சிகிச்சை

விடாத இருமல், சாயங்காலமானால் அசதி, காரணமே இல்லாமல் இறங்கிய எடை. சளிப் பரிசோதனையில் 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' (அமிலத்தில் கழுவினாலும் சாயம் போகாத கிருமி இருக்கிறது) என்று வந்ததும் டிபிதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அடுத்து எடுத்த, டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையில் டிபி கிருமி இல்லை என்று வந்தது.

இரண்டு முடிவும் சரிதான் என்றார் நுரையீரல் மருத்துவர். மைக்கோபாக்டீரியா குடும்பத்தில் சுமார் 200 இனங்கள் உண்டாம். அவற்றின் செல் சுவரில் மைகோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்பு இருக்கிறது. பரிசோதனையில் அதில் ஏறிய சாயம் அமிலத்தில் கழுவினாலும் போகாது. அதனால் டிபி கிருமியும் அதன் பங்காளிகளும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே சிவப்பாகத் தெரியும். டிபி, தொழுநோய் கிருமிகளை ஒதுக்கிவிட்டு மீதிப் பங்காளிகளுக்கு வைத்த பெயர்தான் என்.டி.எம்., அதாவது 'நான்-டியூபர்குலஸ் மைக்கோபாக்டீரியா'.

எந்த இனம் என்று தெரியாமல் மாத்திரை எழுத மாட்டேன் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இருமலோ தூங்க விடவில்லை. இப்போது யோசித்தால், அவர் செய்ததுதான் சரி. இந்தக் கிருமிகள் தண்ணீரிலும் மண்ணிலும் ஷவர் தலையிலும் இயல்பாகவே இருப்பவை. ஒரு தடவை சளியில் கிடைத்தால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் வேறொரு நாள் சளியையும் கொடுத்து, சி.டி. ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் 'மைக்கோபாக்டீரியம் ஏவியம் காம்ப்ளக்ஸ்' என்ற என்.டி.எம். வகை என்று உறுதி செய்தார்கள். டிபி மாதிரி வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று கேட்டதும் போன நிம்மதி பாதி திரும்பி வந்தது.

எனக்கு எழுதிய மாத்திரைகள் மூன்று: அசித்ரோமைசின், எத்தாம்புட்டால், ரிஃபாம்பிசின். என் நுரையீரலில் குழி விழாததால் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்றார்கள். குழி விழுந்தவர்களுக்குத் தினமும் மாத்திரை, கூடவே அமிகாசின் ஊசியும் சேரலாம். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை போன்றவற்றின் வீரியத்தை அது குறைத்துவிடும். வேறு என்ன மருந்து சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது எத்தாம்புட்டால். பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது, முதலில் சிவப்பும் பச்சையும் மங்கலாம். சிகிச்சைக்கு முன்பே கண் பரிசோதனை செய்தார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை ஒவ்வொரு கண்ணாக வாசிக்கச் சொல்வார்கள். வீட்டிலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலண்டரின் சிவப்புத் தேதிகளைப் பார்ப்பேன். இரண்டு கண்ணிலும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் அன்றைக்கு மனசு லேசாகிவிடும். அசித்ரோமைசினுக்காகக் காது கேட்கும் திறனையும் இ.சி.ஜி.யையும் பார்த்தார்கள். ரத்தத்தில் கல்லீரல் சோதனையும் அவ்வப்போது நடந்தது.

குமட்டல் தாங்காத ஒரு கட்டத்தில், அசித்ரோமைசினை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். மருத்துவர் ஒரேயடியாக மறுத்தார். தனியாகக் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். இந்த நோயில் கைகொடுக்கும் முக்கிய மருந்தே அதுதான். அதை இழந்தால் குணமாக்குவது மிகவும் கடினம். மாத்திரை போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார், குமட்டல் ஓரளவு அடங்கியது.

சிகிச்சை எப்போது முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாத்திரை தொடங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சளிக் கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகு குறைந்தது 12 மாதம் மருந்து தொடர வேண்டும். அதனால்தான் சளி கொடுக்கும் நாளில் அவ்வளவு கவனமாக இருப்பேன். காலையில் ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கொண்டுவர வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் பயனில்லை. சளி வராத நாளில் உப்புக் கரைசல் ஆவியை நெபுலைசரில் பிடித்தால் இளகி வரும்.

முதல் நெகட்டிவ் வந்த அன்று அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் படித்தார்கள். நானோ அடுத்த மாதச் சளிக்கு டப்பா கேட்டு வாங்கி வந்திருந்தேன்.