வால்பாறை நாட்குறிப்பு: சாவி கொடுக்கும் வரை

ஜூன் 10, 2024, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. காலையிலிருந்தே மழை. வருகைப் பதிவேட்டில் மொத்தம் 23 பெயர். இப்போது வாத்தியாராக இருக்கும் இதே பள்ளியில் நான் நாலாவது படித்தபோது என் வகுப்பில் மட்டுமே 40 பேருக்கு மேல். இந்த 23இல் பாதிக்கு மேல் எஸ்டேட் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களின் பிள்ளைகள். அவர்களும் வராமல் போயிருந்தால் இந்நேரம் பூட்டுப் போட்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு வாண்டு, 'கொழுந்து' என்று ழகரம் பிசகாமல் சொல்கிறாள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கே வராத ழ.

ஜூன் 13, வியாழன்

அம்மாவுக்கு இந்த மாதத்தோடு 58 முடிகிறது. தேயிலை எஸ்டேட்டில் 34 வருடம். தினக்கூலியை 430 என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் கணக்கில் கிராஜுவிட்டி போட்டுப் பார்த்தேன். 2,19,300. காகிதத்தை வாங்கிப் பார்த்தவள், "பொள்ளாச்சில இதுக்கு வாசப்படி வரும், வீடு வராது" என்றாள்.

அதுவும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைத்தால்தான் செக் கைக்கு வரும். செக் வந்தால்தான் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்கிறார் கிளார்க். அவரும் எஸ்டேட் வீட்டில்தான் இருக்கிறார், பாவம்.

1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளை மடுவம் (கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாவற்றையும் முதலாளி தலையில் வைத்தது. நல்ல சட்டம்தான், நான் பிழைத்ததே எஸ்டேட் ஆஸ்பத்திரியில். ஆனால் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில், பெயர் இருக்கும் வரைதான் கூரை.

ஜூன் 16, ஞாயிறு

திருப்பூரிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். அவன் லைனில் இருந்த பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டார் இப்போது பனியன் கம்பெனியில். 2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் 90 ஆயிரத்துக்கு மேல் இருந்தோம். 2011இல் 70 ஆயிரம் சொச்சம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி பத்து வருடத்தில் இப்படி இளைப்பது லேசில் நடக்காது. சோவியத் உடைந்ததும் நம் தேயிலையை மொத்தமாக வாங்கிய கை போயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் விலை சரிந்தது சரிந்ததுதான். குன்னூர் ஏலத்தில் கிலோ இன்னும் நூறு ரூபாயைச் சுற்றியே நொண்டுகிறது. கூலியும் உரமும் விறகும் அப்படியா இருக்கின்றன?

இனி டூரிசம்தான் என்கிறார்கள். இன்று 40 கொண்டை ஊசி வளைவிலும் கார்கள். ஒரு ஹோம்ஸ்டேயில் பெருக்கித் துடைக்க ரெண்டு பேர் போதும். எங்கள் டிவிஷனில் மட்டும் நூறு குடும்பம். ஆளுக்கு ரெண்டு சென்ட் பட்டா கொடுத்தால் பாதிப் பேராவது இங்கேயே இருந்து எதையாவது செய்து பிழைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மனை எங்கே? எந்தப் பக்கம் திரும்பினாலும் எஸ்டேட், அதைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

ஜூன் 21, வெள்ளி

ராத்திரி ரோட்டோரச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை என்று அர்த்தம். செல்போனில் அழைத்தால் எரிகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் போனதாம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 29, சனி

நாளை ஞாயிறு என்பதால் அம்மாவுக்கு இன்றே கடைசி நாள். மழையில் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு போனவள், எடை போட்டுவிட்டு நாலரைக்கு வந்தாள். 41 கிலோ கொழுந்து. மாலை போட்டு ஒரு டிபன் கேரியர் கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் எலுமிச்சைத் தோலால் விரலைத் தேய்க்க ஆரம்பித்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகைக்குள் இறங்கிய கொழுந்துக் கறை. கொழுந்து வெட்டும் கத்தரி வந்து எத்தனையோ வருடம் ஆகியும், செடியின் ஓரத்தைக் கையால்தான் கிள்ளுவாள். அரை மணி நேரம் தேய்த்தாள். கறை கொஞ்சம் பழுப்பானது, அவ்வளவுதான்.

ஜூலை 6, சனி

டவுனில் ஒற்றை அறை, வாடகை நாலாயிரம். அட்வான்ஸுக்கு என் கூட்டுறவு சங்கக் கடன். சாமான் எல்லாம் ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டது. கறிவேப்பிலைக் கன்றை மட்டும் அம்மா வேரோடு சாக்கில் கட்டினாள்.

சாவி கொடுக்கும் முன்பே புதுக் குடும்பம் வந்துவிட்டது, ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். அந்த ழகர வாண்டின் வீட்டார்தான். அம்மா அவள் அம்மாவைக் கொல்லைக்கு அழைத்துப் போய், "தண்ணி சாயங்காலம் அஞ்சரைக்கு வரும், அரை மணிதான். முதல்ல டிரம்மைப் புடி. மேரக்காய்ப் பந்தல்ல மேல இருக்கிறதைப் பறிக்காத, முத்தல்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வாண்டு நடுவில் நின்று இந்தியில் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தது.

"சார், முத்தல்னா என்ன?"