லீவு வேணாம்னு சொன்னவன்

லீவு கேட்டு சண்டை போட்டவங்கள பாத்திருக்கேன், ஊர்லருந்து பொய்த் தந்தி அடிக்க வச்சவங்களயும் பாத்திருக்கேன், ஆனா லீவு வேணாம்னு வந்து நின்ன ஆள் அவன் ஒருத்தன்தான். அதுவும் கார்கில் சண்டை முடிஞ்ச கையோட. நாங்க இறங்கி வர்ற சோஜிலா மலைப்பாதை பனியில மூடுறதுக்குள்ள முடிஞ்சவரைக்கும் பசங்கள வீட்டுக்கு அனுப்பிடணும்னு மேல சொல்லிட்டாங்க, லிஸ்ட் போடுறது பேட்டரியோட, அதாவது எங்க பீரங்கிப் பிரிவோட, ஹவில்தார் மேஜர், அது நான்தான். அவன் போஃபர்ஸ் பீரங்கிக்கு குண்டு தூக்குன பையன், ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல வரும், ராத்திரி பகல்னு தூக்கி காது மந்தமாகிருந்துச்சு, பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். அவன் பேர முதல்லயே எழுதிட்டேன்.

மத்தவங்க முன்னாடி என்னய உஸ்தாத்னு கூப்பிடுவான், தனியா இருந்தா அண்ணே. "அண்ணே, என் பேர அடிச்சிருங்க, புள்ளகுட்டிக்காரன் எவனாச்சும் போகட்டும்"னான். கிறுக்குத்தனமா பேசாத, போய் ஆத்தாவ பாருன்னு ரயில் டிக்கெட்டுக்கான வாரண்ட கையில குடுத்துட்டேன். கூடப்பொறந்த அண்ணனோட அவனுக்குப் பேச்சு இல்லன்னு தெரியும், தெரிஞ்சுதான் அனுப்புனேன்.

ஏன்னா எங்க சுபேதார் சாப் ஐபிகேஎஃப்ல, அதாவது இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில, இருந்தவர். 1990 மார்ச்ல கடைசி பட்டாளம் திரும்புனப்போ முதல்வரா இருந்த கலைஞர் வரவேற்கப் போகல, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இவரு சொந்த ஊர்லயே எங்கருந்து வர்றேன்னு சொல்லாம லீவ கழிச்சாராம், நம்ம சனத்தயே சுட்டுட்டு வந்தியான்னு மாமன் மச்சானே கேட்டாங்களாம். கார்கில் பசங்களுக்கோ ஊரே திரண்டு வருது, டிவியில பூரா இதே பேச்சு, அறுந்த உறவு ஒட்டுறதுக்கு இத விட்டா வேற நேரம் எதுன்னு நினைச்சேன். இப்பவும் அதுல தப்பு இருக்கறதா தோணல. சில நாள் தோணுது.

60 நாள் லீவுல பாதி கூட முடியல, ஆள் திரும்பி வந்து நிக்குறான். பட்டாளத்துல லீவுக்கு மேல தங்குனவன் உண்டு, முன்னாடி வந்தவன யாரு பாத்தா?

"வீட்ல ஏதும் பிரச்சனையாடா?"

"இல்லண்ணே, எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. அண்ணன் ஸ்டேஷனுக்கே மாலையோட வந்துட்டாரு. வரப்புத் தகராறுல என் மூஞ்சியில முழிக்காத மனுசன், ட்ரங்க் பெட்டிய யாரையும் தொட விடாம தன் தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு."

"அப்புறம் என்னடா?"

"சண்டை வரலன்னா பேசியிருப்பாராண்ணே?"

"பேசுனாருல்ல, அதோட விடு"ன்னேன்.

இந்தப் பதில்தான் இன்னும் உறுத்துது. வேற என்ன சொல்றது, பேசியிருக்க மாட்டாருன்னா? அது அவனுக்கே தெரியும். செத்துருவானோங்கற பயத்துலயும் பாசம் வரும்தானே, அதப் பொய்னு தள்ளிற முடியுமா? ஆனா பந்தல்ல நிக்க வச்சு எத்தன பாகிஸ்தான்காரன கொன்னன்னு அண்ணன் ஒவ்வொருத்தர் முன்னாடியும் கேக்க வச்சாராம். மலைக்கு அந்தப் பக்கம் விழுற குண்டு, எங்களுக்கு எப்படிண்ணே தெரியும்னான் பையன். இத அவன் சாதாரணமாத்தான் சொன்னான், எனக்குத்தான் அன்னிக்கு சோறு இறங்கல. அண்ணனயும் குத்தம் சொல்ல வாய் வரல, பெட்டி சுமந்த மனுசன்ல.

மறு வருஷம் லீவு லிஸ்ட்லயும் அவன் பேர முதல்ல போட்டேன். அந்தத் தடவ அவன்கிட்ட கேக்கவே இல்ல.