கருவின் நீளம்

வயது, பாலினம், உடல் நீளம், இரைப்பையில் இருந்தவை, கருவின் நீளம். அட்டவணையின் தலைப்புகள் இந்த வரிசையில்தான் இருந்தன. கடைசித் தலைப்பில் விரலை வைத்து, "இந்தத் தரவை நாம தொட வேண்டாம் மேடம்" என்றாள் என் ஆய்வு மாணவி. தொட்டேன். தொட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை.

அண்டார்டிக் கடலில் மிங்கி திமிங்கிலங்கள் எவ்வளவு கிரில் (இறாலைப் போன்ற சிறு உயிரி) தின்கின்றன என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு எந்த வயதில் எத்தனை திமிங்கிலங்கள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். காதுக்குள் வருடா வருடம் படியும் மெழுகை முழுசாக எடுத்து, நீளவாக்கில் அறுத்து, வெளுப்பும் கருப்புமாக மாறி மாறி வரும் அடுக்குகளை நுண்ணோக்கியில் எண்ணித்தான் வயதைச் சொல்வார்கள். உயிரோடு நீந்தும் திமிங்கிலத்திடம் அதை எடுக்க முடியாது.

இந்தத் தரவு, ஆராய்ச்சி அனுமதியின் பேரில் ஜப்பான் நடத்திய வேட்டையிலிருந்து வந்தது. அந்த அனுமதிக்கு 1946 சர்வதேச திமிங்கில வேட்டை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவிலேயே இடம் உண்டு. 2014 மார்ச்சில் சர்வதேச நீதிமன்றம், ஜார்பா-2 என்ற ஜப்பானின் அண்டார்டிக் வேட்டைத் திட்டம் அந்தப் பிரிவுக்குள் அடங்காது என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2005 முதல் சுமார் 3,600 மிங்கிகளைக் கொன்றும் அறிவியல் பலன் குறைவாகவே தெரிகிறது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அவள் பிடித்துக்கொண்டது அதைத்தான். "பலன் இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அந்தப் பலனை நாம உண்டாக்கித் தரணுமா மேடம்?"

செத்தவை செத்தவைதான், தரவைப் பூட்டி வைப்பதால் ஒரு கன்றுகூடத் திரும்பி வராது என்றேன். சோவியத் கப்பல்களின் கதையையும் சொன்னேன். உலகக் கடல்களில், பெரும்பாலும் தென்கோளத்தில், ஏறக்குறைய 1,80,000 திமிங்கிலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றார்கள். உண்மையான பதிவுகளை விஞ்ஞானிகள் சிலர் ரகசியமாகக் காப்பாற்றி வைத்திருந்து, 1990களில் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் அந்தக் கடல் எவ்வளவு காலியானது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே?

"அது முடிஞ்சுபோன வேட்டை. இது இன்னும் நடக்குதே."

அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கிரில் பிடிப்புக்கு வரம்பு வைக்க நம்மைப் போன்றவர்களின் கணக்கு உதவும், கடலுக்கு நல்லதுதானே என்று பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அதுவும் பொய்யில்லை. கிரிலைத் தின்று திமிங்கிலம் மேற்பரப்பில் கழிக்கும் சாணத்தில் இரும்புச் சத்து ஏராளம். இரும்புக்கு ஏங்கிக் கிடக்கும் அந்தக் கடலில் நுண்பாசி வளர அது உரம். இந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்ள எண்கள் வேண்டும். கொன்று எடுத்த எண்கள்தான் கையில் இருந்தன.

கட்டுரை வெளிவந்தது. தரவு எப்படிக் கிடைத்தது என்று ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுதினேன். அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன்.

2019இல் ஜப்பான் சர்வதேச திமிங்கில ஆணையத்தை விட்டு விலகியது. அண்டார்டிக் வேட்டையை நிறுத்திவிட்டு, தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. ஆராய்ச்சி என்ற பெயரே அதற்குத் தேவைப்படவில்லை. அப்படியானால் எங்கள் கட்டுரையால் யாருக்கும் சாக்கு கிடைக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நாங்கள் முடிவெடுத்த அன்று அது எனக்கு எப்படித் தெரியும்? கப்பல்கள் அப்போது போய்க்கொண்டுதானே இருந்தன.

அப்புறம் அவள் வேறு ஆய்வகத்துக்குப் போனாள். சிறு ஈட்டியால் தோலில் ஒரு துணுக்கு மட்டும் எடுத்து, அதன் டிஎன்ஏவில் வயதைக் கணிக்கும் வேலை. திமிங்கிலம் உயிரோடு நீந்திப் போய்விடும். இதுதான் வழி என்று எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் மிங்கிக்கு அந்தக் கணிப்பு சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்ததே கொல்லப்பட்டவற்றின் காது மெழுகு வயதோடுதான். தொலைபேசியில் பேசும்போது அதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "அந்த வேலையில என் பேரைப் போட்டிருக்கேன். அதை நினைச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."